சேவைத் தொழில் இணையத்தளத்தில் தொடர்பு விபரம் போடுவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைத் தொழில் செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

கிணறு இறைப்பவர், ஏசி திருத்துபவர், கல்யாண மண்டபம் நடத்துபவர், பாசிக்குடாவில் அறை வாடகைக்கு விடுபவர் என்று எல்லோரும் இப்போது இணையத்தளம் வைக்கிறார்கள். முகப்பில் பெரிய படங்கள் ஓடும். ‘எங்களைப் பற்றி’ என்று நாலு பந்தி இருக்கும். ஆனால் கூப்பிடுவதற்கு இலக்கம் தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் அழுத்த முடியாது. அழுத்தி அழைப்புப் போனாலும் எடுக்க ஆள் இல்லை. தளத்துக்குச் செலவழித்த காசு அந்த இடத்திலேயே வீணாகிறது.

தண்ணீர் மோட்டர் நின்றுபோன வீட்டுக்காரர் உங்கள் தளத்தைப் படிக்க வரவில்லை, கூப்பிட வருகிறார். பெரும்பாலும் கைபேசியில், குறைந்த டேட்டாவில், அவசரத்தில் வருகிறார். கீழே சொல்லும் எல்லாம் அவரை மனதில் வைத்தே.

1. ஆவணங்களை முதலில் எடுத்து வையுங்கள்

தேசிய அடையாள அட்டை, வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், இடத்தின் மின்கட்டணப் பட்டியல் ஆகிய மூன்றையும் படம் எடுத்து ஒரே இடத்தில் சேமியுங்கள். பதிவு இன்னும் செய்யவில்லை என்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். அதற்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும். இடம் வாடகைக்கு எடுத்தது என்றால் வாடகை உடன்படிக்கையையும் கையில் வைத்திருங்கள்.

சான்றிதழில் உள்ள பெயரை ஓர் எழுத்தும் மாறாமல் ஒரு தாளில் எழுதுங்கள். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அதிலேயே எழுதுங்கள். கல்லடியையும் காத்தான்குடியையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். சான்றிதழில் ஒன்று, கடைப் பலகையில் ஒன்று, தளத்தில் ஒன்று என்று இருந்தால் பின்னால் கூகுள் சரிபார்ப்பில் (9ஆம் பகுதியில் சொல்கிறேன்) இழுபடுவீர்கள். சான்றிதழில் இருப்பதையே எல்லா இடத்திலும் போடுங்கள். கம்பெனியாகப் பதிந்தவர்கள் முழுப் பெயரோடு கம்பெனி இலக்கத்தையும் தளத்தின் அடியில் போட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, டொமைன், அதாவது உங்கள் தளத்தின் இணைய முகவரி, யாருடைய பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். தளம் செய்து தந்தவர் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிந்திருந்தால், அவர் வெளிநாடு போனாலோ உங்களோடு கோபித்துக்கொண்டாலோ தளத்தில் ஓர் இலக்கத்தைக்கூட உங்களால் மாற்ற முடியாது. பதிவு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும். புதுப்பித்தல் அறிவித்தல் உங்கள் மின்னஞ்சலுக்கு வர வேண்டும். ஓர் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து டொமைன் வாங்காதீர்கள். முதலாண்டுச் சலுகை முடிந்த பிறகு வரும் விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

2. தொலைபேசி இலக்கம்

எழுதும் முன் ஒரு கேள்வி: அந்த சிம் யாருடைய அடையாள அட்டையில் இருக்கிறது? வேலைக்கு வந்த தம்பியின் சிம்மைத் தளத்தில் போட்டால், அவர் விலகும் நாளில் வாடிக்கையாளரும் அவரோடு போவார்கள். உரிமையாளரின் பெயரில் ஒரு தனி சிம் எடுத்து, தொழிலுக்கு மட்டும் பாவியுங்கள்.

இலங்கை இலக்கம் உள்ளூரில் 10 இலக்கம் கொண்டது. வெளிநாட்டிலிருந்து கூப்பிடும்போது முன்னுள்ள 0 போய் +94 வரும். தளத்தில் இப்படி எழுதுங்கள்:

077 000 0000
வெளிநாட்டிலிருந்து: +94 77 000 0000

‘+94 077’ என்று எழுதுவது பிழை, அழைப்புப் போகாது. அடைப்புக்குள் பூச்சியம் போட்டு எழுதுவதும் ஆளைக் குழப்பும். இலக்கத்தை அழுத்தினால் உடனே அழைப்புப் போக வேண்டும். அதற்குத் தளத்தின் நிரலில் ‘டெல்’ (tel) என்ற முன்னொட்டு, ஒரு முக்காற்புள்ளி, பிறகு இடைவெளி இல்லாமல் +94770000000 என்று வர வேண்டும். தளம் செய்பவரிடம் ‘டெல் லிங்க் போடுங்கள்’ என்றால் அவருக்கு விளங்கும். அது சில நிமிட வேலை.

நிலையான தொலைபேசியில் எங்கள் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 065. அம்பாறை மாவட்டத்தில் இரண்டு குறியீடு இருக்கிறது: அம்பாறை நகரத்துக்கும் பொத்துவில் பக்கத்துக்கும் 063, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று பக்கத்துக்கு 067. ‘அம்பாறை மாவட்டம்தானே’ என்று கல்முனை இலக்கத்துக்கு முன் 063 போட்டுவிட்டால் அழைப்பு உங்களுக்கு வராது. குறியீடு இல்லாமல் கடைசி 7 இலக்கத்தை மட்டும் போடும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். கைபேசியில் அது வேலை செய்யாது.

எத்தனை இலக்கம் போடலாம்? ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. ஐந்து இலக்கத்தை வரிசையாகப் போட்டால் எதைக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஆள் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். இரண்டு போட்டால் எது எதற்கு என்று எழுதுங்கள்: ‘முற்பதிவுக்கு’, ‘அவசரத் திருத்த வேலைக்கு’.

இலக்கத்தைப் படத்துக்குள் எழுதிப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. வடிவமைப்பவர் அழகான பதாகை செய்து அதற்குள் இலக்கத்தை வைத்துவிடுவார். அதை அழுத்த முடியாது, பிரதி எடுக்க முடியாது, இணைப்பு மெதுவாக இருந்தால் படமே வராது. பார்வை இல்லாதவரின் கைபேசி அதை வாசித்துக் காட்டவும் மாட்டாது. படத்தில் இருக்கட்டும், ஆனால் எழுத்தாகவும் கட்டாயம் இருக்க வேண்டும்.

3. வாட்ஸ்அப்

எங்கள் ஊர்களில் பாதிப் பேர் முதலில் வாட்ஸ்அப்பில்தான் கேட்பார்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் வேலை நேரம், முகவரி, விலைப்பட்டியல், நீங்கள் இல்லாத நேரம் தானாகப் போகும் பதில் எல்லாம் வைக்கலாம். ஓர் இலக்கத்தில் சாதாரண வாட்ஸ்அப்பும் பிசினஸும் ஒன்றாக ஓடாது, இரண்டில் ஒன்றுதான். மாற்றும் முன் பழைய உரையாடல்களை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத வசதி ஒன்று உண்டு. கடையின் நிலையான தொலைபேசி இலக்கத்திலேயே வாட்ஸ்அப் பிசினஸ் தொடங்கலாம். குறுஞ்செய்திக்குப் பதிலாக ‘அழைப்பு மூலம் குறியீடு’ என்பதைத் தெரிவுசெய்தால் அந்தத் தொலைபேசிக்கு அழைப்பு வந்து 6 இலக்கக் குறியீட்டைச் சொல்லும். எழுதி, செயலியில் போடுங்கள். ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று தானியங்கிக் குரல் எடுக்கும் இணைப்பில் மட்டும் இது சரிவராது.

தளத்தில் வைக்கும் வாட்ஸ்அப் இணைப்பில் இலக்கம் 94770000000 என்று மட்டும் இருக்க வேண்டும். கூட்டல் குறி, முன் பூச்சியம், இடைவெளி, கோடு எதுவும் கூடாது. இதில் பிழைத்தால் ‘இலக்கம் செல்லாது’ என்று காட்டும். அதே இணைப்பில் ஒரு செய்தியையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ‘வணக்கம், என் ஊர்: … வேண்டிய வேலை: … வசதியான நாள்: …’ என்று வைத்தால் வருகிறவர் வெறும் ‘ஹாய்’ போட்டுவிட்டுக் காத்திருக்க மாட்டார். விலை சொல்லத் தேவையானது முதல் செய்தியிலேயே வந்துவிடும். குரல் பதிவு அனுப்பலாமா என்றும் எழுதுங்கள். எழுத்து வராத மூத்தவர்களுக்கு அது பெரிய உதவி.

முதன்மைக் கைபேசியோடு இன்னும் 4 கருவிகளை இணைக்கலாம். ஆனால் முதன்மைக் கைபேசியை 14 நாள் திறக்காமல் விட்டால் இணைத்த கருவிகள் வெளியேறிவிடும். மேசை இலாச்சிக்குள் கிடக்கும் கைபேசியில் தொழில் இலக்கத்தை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்.

இலக்கம் பொதுவெளிக்கு வந்ததும் மோசடி அழைப்பும் வரும். ‘தவறுதலாக உங்களுக்கு ஒரு குறியீடு வந்துவிட்டது, சொல்லுங்கள்’ என்று யார் கேட்டாலும் அந்த 6 இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கணக்கு கைமாறிவிடும்.

4. முகவரி

‘இல. 25, பிரதான வீதி’ என்று மட்டும் எழுதினால் போதாது. பிரதான வீதி இல்லாத ஊர் கிழக்கில் ஏது? வீட்டிலக்கம், வீதி, ஊர், அஞ்சல் குறியீடு, மாவட்டம் என்ற ஒழுங்கில் முழுதாக எழுதுங்கள். மட்டக்களப்புக்கு 30000, அம்பாறைக்கு 32000, கல்முனைக்கு 32300, அக்கரைப்பற்றுக்கு 32400.

அதன்கீழ் ஒரு வரியில் அடையாளம் சொல்லுங்கள். உள்ளூர் ஆட்கள் இலக்கத்தைப் பார்த்து வருவதில்லை, சந்தியைக் கேட்டு வருகிறார்கள். ‘கல்லடிப் பாலம் தாண்டி கல்முனைப் பக்கமாக 600 மீற்றர், இடது கை, நீலக் கேற்’ என்பது போல, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறவருக்குச் சொல்கிறீர்கள் என்பதும் விளங்க எழுதுங்கள். மணிக்கூட்டுக் கோபுரம், பாலம், கோயில், பள்ளிவாசல், வைத்தியசாலை போன்ற மாறாத இடங்களை அடையாளமாக எடுங்கள். பக்கத்துக் கைபேசிக் கடை அடுத்த ஆண்டு அங்கே இருக்குமோ தெரியாது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் என்றால் எந்தப் பாலத்தால் வருவது நல்லது என்று சொல்லுங்கள்: மண்முனையா, வலையிறவா, பட்டிருப்பா. வெளியூர் ஆள் பிழையான பாலத்தைப் பிடித்தால் வாவியைச் சுற்றிவர வேண்டிவரும்.

வீட்டிலக்கமே இல்லாத ஒழுங்கைகளுக்குக் கூகுள் வரைபடத்தின் ‘பிளஸ் கோட்’ கைகொடுக்கும். வரைபடத்தில் உங்கள் வாசலை விரலால் அழுத்திப் பிடித்தால் ஒரு சிறு குறியீடு வரும். ஊர்ப் பெயரோடு அதை எழுதிவிட்டால் ஏறக்குறைய 14 மீற்றர் சதுரத்துக்குள் ஆளைக் கொண்டுவந்து விடும். இலவசம், பதிவும் தேவையில்லை.

வரைபடத்தை அப்படியே பக்கத்துக்குள் பதிப்பது அழகுதான், ஆனால் பக்கம் கனத்துவிடும். வாட்ஸ்அப், பேஸ்புக் மட்டும் சேர்ந்த டேட்டாப் பொதி போட்டிருப்பவர்களுக்கு வெளித்தளம் ஒவ்வொன்றும் காசு. ‘வரைபடத்தில் வழி பார்க்க’ என்று ஓர் இணைப்பு வைத்தால் போதும்.

வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள், குறிப்பாகத் தையல், அழகுக்கலை, பிரத்தியேக வகுப்பு செய்யும் பெண்கள், முழு முகவரியைப் போடவே தேவையில்லை. ‘ஆரையம்பதி. பதிவு உறுதியானதும் இடத்தின் வரைபடம் அனுப்புவோம்’ என்று எழுதுங்கள். வாடிக்கையாளருக்கு ஊர் தெரிந்தால் போதும். உங்கள் பாதுகாப்பு முக்கியம்.

5. நேரமும் போகும் ஊர்களும்

‘24 மணி நேரமும்’ என்று எழுதும் முன் யோசியுங்கள். இரவு 2 மணிக்கு எடுக்க ஆள் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் எழுதாதீர்கள். கிழமை வாரியாகத் திறக்கும், மூடும் நேரத்தைக் காலை, மாலை என்று சொல்லாகவே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் மூடுவதாக இருந்தால் ‘வெள்ளி 12 முதல் 2 வரை இல்லை’ என்று போடுங்கள். போயா தினம், பொங்கல், நோன்பு மாதத்து நேரம் ஆகியவற்றையும் அவ்வப்போது மாற்றுங்கள்.

நீங்கள் ஆளின் வீட்டுக்குப் போய்ச் செய்யும் சேவை என்றால் ஊர்களின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். ‘கிழக்கு மாகாணம் முழுதும்’ என்பது யாருக்கும் உதவாது. ‘ஏறாவூர் முதல் களுவாஞ்சிகுடி வரை போக்குவரத்துக் கட்டணம் இல்லை, வாழைச்சேனை, கல்முனைக்குத் தனியாக அறவிடப்படும்’ என்றால் அநாவசிய அழைப்புப் பாதி குறையும். வடகீழ்ப் பருவமழை மாதங்களில் தாழ்ந்த வீதிகளுக்குப் போக முடியாவிட்டால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து ஊர் வீட்டைத் திருத்தவும் பெற்றோருக்கு ஆள் ஒழுங்கு செய்யவும் கூப்பிடுகிறவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு ‘இலங்கை நேரம்’ என்று குறிப்பிடுங்கள். குளிர்காலத்தில் டொரொண்டோ எங்களைவிட 10½ மணி, லண்டன் 5½ மணி, சூரிச் 4½ மணி பின்னால். கோடையில் ஒவ்வொன்றிலும் ஒரு மணி குறையும். எங்கள் காலை 9 முதல் மாலை 5 வரை என்பது குளிர்கால டொரொண்டோவில் இரவு 10.30 முதல் காலை 6.30 வரை. யார் கூப்பிடுவார்? ‘வெளிநாட்டு அழைப்புக்கு இரவு 7 முதல் 9 வரை’ என்று ஒரு வேளை ஒதுக்கினால் அங்கே காலை 8.30 முதல் 10.30 ஆகிவிடும்.

6. மின்னஞ்சலும் படிவமும்

நாளுக்கு ஒருமுறையாவது மின்னஞ்சல் பார்க்க ஆள் இல்லையென்றால், தளத்திலேயே நிரப்பி அனுப்பும் தொடர்புப் படிவமே வைக்காதீர்கள். பதில் வராத படிவம், படிவம் இல்லாததை விட மோசம்.

வைப்பதாக இருந்தால் பெயர், தொலைபேசி, ஊர், வேலை ஆகிய நான்கு பெட்டி போதும். தொலைபேசிப் பெட்டியில் ‘10 இலக்கம்தான்’ என்று கட்டுப்பாடு போட வேண்டாம். வெளிநாட்டு இலக்கம் அதில் நுழையாது, ஆள் திரும்பிப் போய்விடுவார். அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி போன்றவற்றைக் கேட்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவைக்கு மிஞ்சிச் சேர்ப்பதை ஏற்பதில்லை. ‘இந்த விபரம் உங்களைத் தொடர்புகொள்ள மட்டும்’ என்று ஒரு வரி கீழே போடுங்கள்.

படிவம் அனுப்பும் செய்தி உங்களுக்கு வராமல் போவதற்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. பல தளங்களில் படிவம், வந்தவருடைய மின்னஞ்சல் முகவரியையே அனுப்புநராகக் காட்டி அனுப்பும். உங்கள் சேர்வர் ஜிமெயிலின் பெயரால் அனுப்புவதைப் பார்த்ததும் ஜிமெயில் அதைப் போலி என்று ஒதுக்கிவிடும். அனுப்புநர் உங்கள் சொந்த டொமைன் முகவரியாகவும், ‘பதில் போக வேண்டிய முகவரி’ வந்தவருடையதாகவும் இருக்க வேண்டும். அதோடு, மின்னஞ்சல் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளும் டொமைனில் இருக்க வேண்டும். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. தளம் செய்தவரிடம் இந்த மூன்று பெயரையும் சொல்லிக் கேளுங்கள். இந்தப் பதிவுகள் இணையத்தில் பரவ 48 மணி நேரம் வரை எடுக்கலாம்.

வந்த செய்திகளின் பிரதி தளத்துக்குள்ளேயும் சேமிக்கப்பட வேண்டும். மின்னஞ்சல் தவறினாலும் அங்கே பார்க்கலாம். அனுப்பி முடித்ததும் ‘கிடைத்தது. நாளை மாலைக்குள் கூப்பிடுவோம். அவசரம் என்றால் 077 000 0000’ என்று திரையில் வர வேண்டும். வெறும் ‘நன்றி’ போதாது.

7. மொழியும் எழுத்துருவும்

தொடர்புப் பக்கம் மட்டுமாவது தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும். அம்பாறை நகரம், உகணைப் பக்கத்து வாடிக்கையாளர் சிங்களத்தில் தேடுவார். அறுகம்பைக்கு வருகிறவர் ஆங்கிலத்தில் பார்ப்பார். சிங்களத்தை அந்த மொழி வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஏற்றாதீர்கள்.

அச்சகத்தில் பலகைக்கு அடித்த தமிழைத் தளத்துக்குக் கொடுக்கும்போது கவனம். அது பாமினி எழுத்துருவில் இருந்தால் வாடிக்கையாளரின் கைபேசியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோட்டுக்கு மாற்றித்தரச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு ஊர்ப் பெயர்களை ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசியுங்கள்.

8. எங்கே வைப்பது

ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் இலக்கம், அடியில் முழு விபரம், தனியாக ‘தொடர்பு’ என்று ஒரு பக்கம். கைபேசித் திரையின் அடியில் ‘அழைக்க’, ‘வாட்ஸ்அப்’ என்று இரண்டு பொத்தான் ஒட்டி நிற்கட்டும். அவை எழுத்தை மறைக்காமல் பாருங்கள்.

9. கூகுள் வணிகப் பக்கம்

கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் தொழிலின் பெயர், இலக்கம், நேரத்தைக் காட்டும் பக்கம் இது. இதை வேலையின் கடைசியில் சொன்னாலும் தொடங்குவதை முதல் நாளே தொடங்குங்கள், ஏனென்றால் காத்திருப்பு இதில்தான். இது முழுக்க இலவசம். ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், சரிபார்க்கப் பணம் கட்டுங்கள்’ என்பது மோசடி.

பெயர்ப் பெட்டியில் தொழிலின் பெயர் மட்டும். ‘மட்டக்களப்பில் சிறந்த ஏசி சேவை’ என்றெல்லாம் சேர்த்தால் பக்கத்தை முடக்கக்கூடும். தபால் பெட்டி இலக்கத்தை முகவரியாக ஏற்க மாட்டார்கள். வாடிக்கையாளர் வராத இடம் என்றால் முகவரியை மறைத்துச் சேவை ஊர்களை மட்டும் காட்டலாம். 20 ஊர் வரை சேர்க்க இடமுண்டு. உங்கள் இடத்திலிருந்து ஏறக்குறைய 2 மணி நேர ஓட்டத்துக்குள் அவை இருக்க வேண்டும்.

சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் காணொளி கேட்கிறார்கள். இடையில் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். வீதிப் பெயர்ப்பலகை அல்லது பக்கத்துக் கட்டடத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் பலகையைக் காட்டுங்கள், பூட்டைத் திறந்து உள்ளே போங்கள், கருவிகளையும் பதிவுச் சான்றிதழையும் காட்டுங்கள். கடை இல்லாதவர்கள் பெயர் எழுதிய வாகனத்தையும் வேலைச் சாமான்களையும் காட்டலாம். ஆட்களின் முகம் விழாமல் எடுங்கள். பலகையில் உள்ள பெயரும் நீங்கள் பதிந்த பெயரும் வேறாக இருந்தால் இங்கேதான் நிராகரிப்பு வரும். முடிவு வழக்கமாக 5 வேலை நாளுக்குள் வரும்.

10. போட்ட பிறகு

உங்கள் கைபேசியில் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வேறொருவரின் பழைய ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவரிடம் +94 இலக்கத்தை அழுத்தச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை படிவத்தில் நீங்களே ஒரு செய்தி அனுப்பி, வருகிறதா என்று பாருங்கள். படிவம் பழுதானால் யாரும் உங்களுக்கு அறிவிக்க மாட்டார்கள்.

விபரம் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் வையுங்கள்: தளம், கூகுள், பேஸ்புக், வாட்ஸ்அப் பிசினஸ், பற்றுச்சீட்டுப் புத்தகம், வாகனத்தின் ஒட்டி. இலக்கம் மாறும் நாளில் அனைத்தையும் அன்றே மாற்றுங்கள். பழைய சிம்மை உடனே கைவிட வேண்டாம். குறைந்தது ஆறு மாதம் பணம் போட்டு உயிரோடு வைத்து, அதற்கு வரும் அழைப்பைப் புதிய இலக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். கைவிட்ட இலக்கத்தை நிறுவனம் வேறொருவருக்கு விற்றுவிடும், உங்கள் பழைய வாடிக்கையாளர் அவரைத்தான் கூப்பிடுவார்.